வெள்ளைப் பூ பதித்த பெட்டி

ஆடிக் காற்று ஊருக்குள் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், வீரணனைப் பிடித்து வைத்துவிட்டார்கள் என்ற செய்தி போடிக்கு வந்தது. அவன் மனைவி பேச்சி அப்போது காசிமாயனின் சரக்குக் கிட்டங்கியில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மேலே மலையில் மழை, கீழே வெறும் காற்று. காய் பறந்துவிடக் கூடாதென்று கிட்டங்கிக் கதவுகளை அடைத்திருந்தார்கள். உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, மடியில் சுளகை வைத்துக்கொண்டு, வெடித்த காயையும் வெளுத்த காயையும் தனியே தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

செய்தி கொண்டுவந்தவன் பேச்சியின் அண்ணன் சுருளி. தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டுபவன். காலையில் அவனுடைய ஜீப்பில்தான் வீரணன் மூணாறுக் கடைக்குச் சரக்கு கொண்டுபோனான். மலையடிவாரச் சோதனைச் சாவடியில் பையைப் பிரிக்கச் சொன்னார்கள். வாழைச் சருகில் பொதிந்த பதினோரு சாமான்கள் இருந்தன. கொண்டை ஊசி, சீப்பு, குங்குமச் சிமிழ், தாயக்கட்டை, விரல் நீளத்தில் யானைகள். கூடவே மலையாளத்தில் அச்சடித்த ஒரு கட்டு லேபிள்.

"லேபிள்ல அசல் ஆனைக்கொம்புன்னு போட்டிருக்காம். பாரஸ்ட் கார்டு வாசிச்சுச் சொன்னாரு. தந்தமாய்யான்னு மாப்ளைகிட்டக் கேட்டாங்க. வாயே தொறக்கல."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"குத்துக்கல்லு மாதிரி நின்னாரு. வண்டி நிறைய ஆளு. எனக்கே சங்கடமாப் போச்சு."

பேச்சி சுளகை ராமுத்தாயிடம் கொடுத்தாள். ராமுத்தாய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பத்து வருசமாகக் காய் பொறுக்குகிறவள். எதுவும் கேட்காமல் வாங்கி, பேச்சியின் காயையும் தன் குவியலோடு சேர்த்துக்கொண்டாள்.

போடியில் அவனுக்குத் தந்தக்கார வீரணன் என்றுதான் பெயர். பொட்டிபுரத்துப் பக்கம் இருந்த மானாவாரி நிலம் தொடர்ந்து பொய்த்துப் போனதில், இருபது வயதில் திருவனந்தபுரம் போய் ஒரு தந்தப் பட்டறையில் சேர்ந்தவன். முதலில் பராய் இலையால் தேய்த்து மெருகேற்றுகிற வேலை கொடுத்தார்கள். சொரசொரப்பான அந்த இலை தந்தத்தை வழுவழுப்பாக்கும், தேய்க்கிறவன் விரல் தோலை உரித்துவிடும். பிறகு மெல்ல உளி பிடித்தான். விசிறிக் காம்பு, நகைப்பேழை, வீணையின் ஓரத்தில் பதிக்கிற பட்டை, துரைமார் விட்டுப்போன பங்களாக்களின் பியானோவுக்குக் கட்டை, கத்திப் பிடி என்று பத்து வருசம் வேலை செய்தான். சட்டம் இறுக இறுகத் தந்தம் வருவது குறைந்தது. முதலாளி சந்தன மரத்துக்கு மாறிக்கொண்டு ஆட்களைக் குறைத்தார். வீரணன் உளிக்கட்டோடு ஊர் திரும்பினான்.

போடியில் தந்தத்துக்கு எங்கே போவது? ஆனால் அவனுக்கு எலும்பு தெரியும். பட்டறையில் புது ஆட்களை முதலில் எலும்பில்தான் செதுக்கப் பழக்குவார்கள். மாட்டின் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு நேராகவும் கெட்டியாகவும் இருக்கும். பக்குவமாக வேகவைத்து வெளுத்தால் தந்தத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம்.

அந்தப் பக்குவம் பேச்சியின் கையில் இருந்தது. ரயிலடிக்கு மேற்கே குடியிருந்த அமாவாசை, செத்த மாடுகளின் எலும்பைச் சேகரித்து எலும்பு மில்லுக்கு மூட்டை கட்டி ரயிலில் ஏற்றுகிறவர். அவர் கால் எலும்புகளை மட்டும் தனியாக எடுத்து, ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஓடைக்கரையில் வைத்துவிட்டுப் போவார். துணி துவைக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பேச்சி போவாள். இரண்டு முனையையும் அறுத்து, மூங்கில் குச்சியால் உள்ளே இருக்கிற மஜ்ஜையைத் தள்ளி, சலவை சோடாவும் சுண்ணாம்பும் போட்டுப் பழைய அண்டாவில் கொதிக்கவிடுவாள். மேலே மிதக்கிற கொழுப்பை வழித்து வழித்து எடுக்க வேண்டும். கொழுப்பு தங்கினால் பின்னால் மஞ்சள் பூக்கும். சுண்ணாம்பு கூடினால் எலும்பு பொருபொருத்துப் போகும். வெந்ததை மாடியில் வெள்ளைத் துணிக்கடியில் காயவைப்பாள். கேட்டவர்களிடம் வடகம் என்பாள். வீரணன் அறுத்து, அராவி, செதுக்கி முடித்ததும் ஆறிய தேயிலைச் சாயத்தில் ஒரு முக்கு. அதில்தான் தந்தத்தின் நிறம் ஏறும்.

பட்டறையில் மிஞ்சிய தந்தத் துண்டுகளைக் கொண்டுவந்து வைத்திருப்பதாக ஊரில் சொல்லியிருந்தான். ஏழெட்டு வருசமாகத் தீராத துண்டு எதுவென்று யாரும் கேட்கவில்லை. சொந்தபந்தத்தில் செத்த மாட்டைத் தொடுகிறவர்கள் கிடையாது. தொட்டது தெரிந்தால் அடுப்படிவரை வருகிறவர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள் என்பது இருவருக்கும் தெரியும். மகள் பொன்னுமணியைச் சுருளியின் மகனுக்குக் கொடுப்பதாக வேறு பேச்சிருந்தது.

வனத்துறை ரேஞ்சர் ஆபீசில் வீரணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சுருளி வாசலில் நின்றான். பேச்சி கிட்டே போய்த் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"சொல்ல வேண்டியதுதானே?"

"மச்சான் நிக்கிறாருல்ல."

"அவரு நின்னா என்ன? செயில்ல போட்டுருவாங்க."

"போடட்டும். தந்தம்னு போடட்டும்."

அவன் முகத்தை அவள் பார்த்தாள். பயம் இருந்தது. அதற்கு மேல் வேறொரு பிடிவாதமும் இருந்தது. அன்று சாயங்காலமே மாஜிஸ்டிரேட் முன்னால் நிறுத்திக் கிளைச் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். போன வருசம் சட்டம் கடுமையாகிவிட்டது என்றும், தந்தம் என்று தீர்ந்தால் வருசக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டும் என்றும் வக்கீல் சொன்னார்.

மறுநாள் காலையில் பேச்சி கேப்பைக் களி கிண்டி வைத்துவிட்டு, மகளைச் சாப்பிடச் சொல்லிவிட்டு, சுருளி வீட்டுக்குப் போனாள். அவன் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். அண்ணனிடம் முதலில் சொல்லிவிட வேண்டும், பிறர் வாயால் தெரியக் கூடாது என்பதுதான் அவள் யோசனை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஓடை, அண்டா, அமாவாசை, வடகம் எதையும் விடவில்லை.

சுருளி வாளியைக் கீழே வைத்தான்.

"நீ கொதிக்கவச்சியா? உன் கையால?"

"ஆமாண்ணே."

"அந்தக் கையாலதான் தீவாளிக்கு எங்களுக்குச் சோறு போட்ட."

"கழுவிட்டுத்தான் போட்டேன்."

"கழுவுனாப் போற விசயமா பேச்சி இது?"

அவன் மறுபடி வாளியை எடுத்துக்கொண்டு, அவள் எங்கே வேண்டுமானாலும் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்றும், தன் பெயரை இழுக்க வேண்டாம் என்றும் சொன்னான். மகன் கல்யாணத்தைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததே அவளுக்குப் புரிந்தது. தெரு முனைவரை நடந்தாள். அங்கிருந்த குழாயடியில் சற்று நின்று, முகம் கழுவிக்கொண்டு ரயிலடிப் பக்கம் திரும்பினாள்.

அமாவாசை கூட்ஸ் வண்டிக்கு மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அறுபது வயதிருக்கும். விவரம் கேட்டதும் கோணி ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டு எழுந்தார். வந்து சாட்சி சொல்ல முடியுமா என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சொல்றதுக்கு என்ன தாயி? எலும்பை எலும்புன்னு சொல்றது எனக்குக் கஷ்டமா?"

"ஊருக்குள்ள இத்தனை நாளு உங்களைத் தெரியாத மாதிரி இருந்துட்டேன்."

"அது தெரியும். நீங்க துணி மூட்டையோட வர்றதைப் பாத்து எனக்குச் சிரிப்பா வரும். நான் முப்பது வருசமா இதைத் தொட்டுட்டுத்தான் சாப்பிடுறேன். ஒண்ணும் ஆகல."

அவர் குரலில் குத்தல் இல்லை. மழை வரும் என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். பேச்சிக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூட்டைகளின் பக்கம் பார்த்தாள்.

இரண்டு பேரும் ஒரு சாக்கில் வேகாத எலும்பு, வெந்த எலும்பு, பாதி அறுத்த பட்டை, முடியாத சீப்பு ஆகியவற்றைப் போட்டுக்கொண்டு ரேஞ்சர் ஆபீசுக்குப் போனார்கள். வாசலில் இருந்த ஆள் அமாவாசையை வெளியே நிற்கச் சொன்னான். பேச்சியும் வெளியே நின்றுகொண்டாள். ஒரு மணி நேரம் கழித்து ரேஞ்சர் சாப்பாட்டுக்கு வெளியே வரும்போது அவர் வழியில் சாக்கைப் பிரித்தாள்.

ரேஞ்சர் வடக்கே இருந்து மாற்றலாகி வந்தவர், நிதானமானவர். திரும்பி உள்ளே வந்து இருவரையும் உட்காரச் சொன்னார். பேச்சி உட்காரவில்லை. மேசைமேல் தினத்தாளை விரித்து, ஒரு கால் எலும்பை வைத்து, கொண்டுவந்த அரத்தால் ஒரு பக்கத்தைத் தேய்த்தாள். வெள்ளைப் பொடி உதிர்ந்தது. தேய்த்த இடத்தை எச்சில் தொட்டுத் துடைத்து அவரிடம் காட்டினாள்.

"இதுல பாருங்க சார். ஊசி முனை கணக்கா புள்ளி புள்ளியாத் தெரியும். ரத்தம் ஓடுன துவாரம். மாட்டெலும்புல இது இல்லாம இருக்காது. தந்தத்துல இது கிடையாது. அதுல வெட்டுன பக்கத்துல வலை பின்னுன மாதிரி கோடு ஓடும்."

"நீ தந்தம் பாத்திருக்கியா?"

"இல்ல சார். அவரு சொல்லிக் கேட்டது. எலும்பு பாத்திருக்கேன். நிறையப் பாத்திருக்கேன்."

ரேஞ்சர் சிரிக்காமல் இருக்க முயன்றார். பிடித்த சாமான்களில் ஒரு சீப்பை எடுத்துவரச் சொல்லி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். புள்ளி இருந்தது. ஆனால் தன் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதிக் கேசை முடிக்க முடியாது என்றார். முறைப்படி வெளியூருக்கு அனுப்பி முடிவு வர மாதங்கள் ஆகும். அதற்கு முன் மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் கொண்டு ஒரு பார்வை பார்க்கலாம் என்று சொன்னார்.

டாக்டர் மறுநாள் வந்தார். பதினோரு சாமானையும் வரிசையாக வைத்துக்கொண்டு, மாட்டுக்கு வயிறு பார்க்கிற அதே அலட்சியத்தோடு ஒவ்வொன்றாகப் புரட்டினார். கொண்டை ஊசியின் முனையில் இருந்த மயிலைப் பார்த்ததும் மட்டும் கொஞ்சம் நிறுத்தினார். எல்லாம் மாட்டெலும்பு, ஒரு சீப்பு எருமையாக இருக்கலாம் என்றார். பழைய வீடுகளில் தந்தம் என்று பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பதில் பாதி இப்படித்தான், இருக்கிறவன் தந்தத்தில் செய்துகொண்டதையே இல்லாதவன் எலும்பில் செய்துகொண்டான், தாயக்கட்டையிலிருந்து மைக்குச்சிவரை அப்படித்தான் நடந்திருக்கிறது, பின்னால் வந்தவர்கள் எல்லாவற்றையும் தந்தமாக்கிவிட்டார்கள் என்றும் சொன்னார். எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பேச்சி அன்றே விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள். ரேஞ்சர் ஒரு காகிதத்தை எடுத்தார். கையெழுத்தில்லாத மொட்டைக் கடிதம். ஏலக்காய் வியாபாரி காசிமாயன் தன் மகளுக்குச் சீராகக் கொடுத்த ஈட்டி மரப்பெட்டியில் தந்தம் பதித்திருக்கிறது, செய்தவன் வீரணன், பெட்டி இப்போது உத்தமபாளையத்தில் சம்பந்தி வீட்டில் இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது.

"இந்தப் பதினொண்ணும் எலும்பு, சரி. அந்தப் பெட்டி தந்தமா இருந்தா உன் புருசன்கிட்டத் தந்தம் இருந்திருக்குன்னுதானே அர்த்தம்? பெட்டி வரணும். நாங்க போய் எடுத்தா அவங்க பேரும் கேசுல ஏறும். அவங்களாக் கொண்டுவந்து காட்டினா நல்லது. ரெண்டு நாளு பாக்குறேன்."

பெட்டியைப் பேச்சிக்கு நன்றாகத் தெரியும். மூடி முழுக்க மல்லிகைக் கொடி, ஒவ்வொரு பூவும் ஐந்து இதழ். அந்த எலும்பை மூன்று தடவை வேகவைத்தாள். கல்யாணத்தில் சீர்த்தட்டு வரிசையில் அதுதான் முதலில் போனது. தந்தப்பெட்டி, தந்தப்பெட்டி என்று பெண்கள் எட்டிப் பார்த்ததைக் கூட்டத்தோடு நின்று அவளும் கேட்டிருக்கிறாள். அன்று அவளுக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது.

காசிமாயன் காலைப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பேச்சி போய் நின்றாள். முதலாளி வீட்டுக்குள் அவள் வருகிற வழக்கம் உண்டு. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, சுருக்கமாகச் சொன்னாள். அவர் கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார்.

"மாட்டெலும்பா?"

"ஆமா மொதலாளி."

"என்ன மாடு?"

பேச்சி யோசித்தாள். "கம்பத்துப் பக்கம் வண்டி மாடுன்னு அமாவாசை சொன்னாரு."

"அதுல தாலியை வச்சுக் கொண்டுபோனோம், பேச்சி. சம்பந்தி வீட்டுல பூசை ரூம்புல வச்சிருக்காங்க."

"தெரியும் மொதலாளி. தப்புத்தான். அவரு செஞ்சாலும் நான் தடுத்திருக்கணும். இப்ப பெட்டி வந்தாத்தான் அவரு வெளிய வருவாரு."

காசிமாயன் சத்தம் போடுகிறவர் இல்லை. இனிமேல் கிட்டங்கிக்கு வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அவள் போன பிறகு உத்தமபாளையத்துக்கு டிரங்கால் போட்டு, மகளைக் கூப்பிட்டு, பெட்டியைக் கிணற்றில் போட்டுவிடச் சொன்னார். தந்தம் என்று தெரிந்தாலும் கேசு, எலும்பு என்று தெரிந்தாலும் அவமானம், இரண்டும் வேண்டாம், யாராவது கேட்டால் தொலைந்துபோய்விட்டது என்று சொல்லு என்றார்.

அவர் மகள் சந்திரவல்லிக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மறுநாள் மதியம் அவள் ஒரு மஞ்சள் பையோடு பஸ்சை விட்டு இறங்கி, அப்பா வீட்டுக்குப் போகாமல் பேச்சி வீட்டுக்கு வந்தாள். பேச்சி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். கை உதறி எழுந்து, பாயை விரித்து, தண்ணீர் கொடுத்தாள். சந்திரவல்லி ஒரே மூச்சில் குடித்தாள்.

"பேச்சியக்கா, ரேஞ்சர் ஆபீசு எத்தனை மணிவரைக்கும் இருக்கும்?"

"நீ எதுக்குத் தாயி வந்த? அப்பாவுக்குத் தெரியுமா?"

"கெணத்துல போடச் சொன்னாரு. நான் எங்க மாமியார்கிட்டச் சொல்லிட்டு எடுத்துட்டு வந்தேன்."

"மாமியாருக்குத் தெரியுமா, எலும்புன்னு?"

"இன்னைக்குக் காலைலதான் சொன்னேன். அழுதாங்க. அப்புறம் பூசை ரூம்பைக் கழுவி விட்டுக்கிட்டிருக்காங்க." அவள் பையிலிருந்து பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு முன்னாலேயே தெரியுங்க்கா. இதைப் பாருங்க."

பெட்டியைத் தினமும் குங்குமம் வைக்கப் பயன்படுத்தியிருக்கிறாள். மூடியைத் திறந்து மூடிய விரல்களின் குங்குமம் பூக்களில் ஏறியிருந்தது. துடைத்தால் மேலே இருப்பது போய்விடும். ஆனால் ஒவ்வொரு இதழிலும் எலும்பின் துவாரங்களுக்குள் நுழைந்துவிட்ட குங்குமம் போகவில்லை. வெள்ளை இதழ் முழுக்க ஊசி முனையால் தொட்டு வைத்ததுபோலச் செம்புள்ளிகள்.

"ஈரத்துணி, எலுமிச்சம்பழம் எல்லாம் போட்டுப் பாத்தேன். போகல. எங்க கொழுந்தனாரு காலேசுல படிக்கிறாரு, தந்தம்னா இப்படி ஏறாது அண்ணின்னு சொன்னாரு. யார்ட்டயும் சொல்லாதப்பான்னு நான்தான் சொல்லிவச்சேன்."

"அப்பாகிட்டயாச்சும் கேட்டிருக்கலாமே தாயி."

"கேட்டா என்ன செய்வாரு? பெட்டியைத் தூக்கிப் போடுவாரு. எனக்குப் பெட்டி பிடிச்சிருக்கு. இந்தக் கொடி மாதிரி எங்க ஊர்ல யாரு வீட்டுலயும் இல்ல."

பேச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இருவரும் கிளம்பிப் போனார்கள். வழியில் காசிமாயனின் கிட்டங்கி வந்தபோது சந்திரவல்லி நிற்கவில்லை. எதிர்ச்சாரியில் நிமிர்ந்தே நடந்தாள். கிட்டங்கி வாசலில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள்.

ரேஞ்சருக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. பெட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, டாக்டருக்கு ஆள் அனுப்பினார். டாக்டர் வந்து பார்த்து, இப்படி ஒரு சாட்சியைத் தான் பார்த்ததில்லை என்றார். சந்திரவல்லி சொன்னதை எழுதிக்கொண்டார்கள். சாமானுக்கு என்ன பெயர் எழுதுவது என்று குமாஸ்தா கேட்டபோது, அவள் கொஞ்சமும் தயங்காமல், ஈட்டி மரப்பெட்டி, மாட்டெலும்புப் பூ பதித்தது என்றாள்.

கோர்ட்டில் காகிதம் நகர இன்னும் ஒன்பது நாள் ஆனது. ஆவணி பிறந்து வீரணன் வெளியே வந்தான். ஆபீசில் கையெழுத்து வாங்கும்போது ரேஞ்சர் அவனைக் கடிந்துகொண்டார். எலும்பைத் தந்தமென்று விற்பதும் குற்றம்தான், அது என் இலாகா இல்லை என்பதால் விடுகிறேன், இனி அந்த லேபிளைப் பார்த்தால் போலீசில் சொல்வேன் என்றார். வீரணன் தலையாட்டினான். மூணாறுக் கடைக்காரன் அதற்குள்ளாகவே, இனிச் சரக்கு வேண்டாம் என்று ஆள் மூலம் சொல்லிவிட்டிருந்தான்.

ஊருக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டில் வடகம் வாங்கிப்போவதை நிறுத்தினார்கள். பேச்சி ஒருநாளும் அவர்களுக்கு எலும்பைக் கொடுத்ததில்லை, கொடுத்தது அசல் வடகம்தான். அதைச் சொல்லவும் வழியில்லை. சுருளி தீபாவளிக்கு வரவில்லை. தை மாதம் தேவாரத்தில் மகனுக்குப் பெண் பார்த்து முடித்து, வாசலில் நின்றபடியே பத்திரிகை கொடுத்தான். பேச்சி மஞ்சள் தடவிய பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். உள்ளே வரச் சொல்லவில்லை, அவனைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று. பொன்னுமணி அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. மறுவாரம் தையல் வகுப்பில் சேர்ந்தாள்.

கிட்டங்கிக்கு வர வேண்டாமென்று சொன்ன காசிமாயன், வா என்று திரும்பச் சொல்லவே இல்லை. கார்த்திகையில் காய் வரத்து அதிகமாகி ஆள் போதாமல் போனபோது, ராமுத்தாய் தானாகவே பேச்சியைக் கூட்டிப்போய்ப் பழைய இடத்தில் உட்காரவைத்தாள். காசிமாயன் சுற்றிப் பார்க்க வந்தார். அவள் சுளகைப் பார்த்தார், காய் சுத்தமாக இருந்தது. போய்விட்டார். மகளிடம் மட்டும் பொங்கல்வரை பேசாமல் இருந்தார் என்று சொன்னார்கள்.

வீரணன் உளிக்கட்டைத் தொடவில்லை. மலைமேல் ஒரு தோட்டத்தில், பச்சைக் காயை உலர்த்துகிற ஸ்டோருக்கு விறகு பிளக்கிற வேலைக்குப் போனான். வாரம் முழுக்க மேலேயே தங்கி, சனிக்கிழமை இறங்கி வருவான். மழையில் நனைந்த கம்பளி நாற்றமும் புகை நாற்றமும் கூடவே வரும். கேட்டதற்குப் பதில் சொல்வான், தானாக எதுவும் பேசமாட்டான். பேச்சி அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்துப் பார்த்தாள். சாப்பிட்டான், அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னதான் நெனைச்சுக்கிட்டிருக்கீங்க? சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல."

"வெளிய எடுத்தது தப்பா?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். "செயில்ல எல்லாரும் என்னை ஆனைக்கொம்புக்காரர்னு கூப்பிட்டாங்க. கொலைகேசுல வந்தவன்கூட எந்திரிச்சு இடம் விட்டான். விடுதலைன்னு கூப்பிடுறப்ப அந்த வார்டர் என்ன சொன்னாரு தெரியுமா? எலும்பு பொறுக்கி வாய்யான்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க."

"அதுக்காக வருசக்கணக்கா உள்ள இருந்திருப்பீங்களா?"

"இருந்திருப்பேன்னுதான் அன்னைக்குத் தோணுச்சு."

"நானும் பொண்ணும்?"

பேச்சி எழுந்து பாத்திரத்தை எடுத்தாள். அடுப்படி வாசலில் நின்று திரும்பினாள்.

"அமாவாசையை வெளிய நிக்கவச்சாங்க. நானும் நின்னேன். ஒரு மணி நேரம். அவரு முப்பது வருசம் நிக்கிறாரு. உங்களை ஒரு வார்த்தை சொன்னதுக்கே ஆறு மாசமா வாயை மூடிக்கிட்டிருக்கீங்க."

வீரணன் அன்று ராத்திரி முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை எழுந்து ரயிலடிப் பக்கம் போய்விட்டு மதியம் வந்தான். எங்கே போனான் என்று அவள் கேட்கவில்லை. அமாவாசையோடு உட்கார்ந்து டீ குடித்ததாகப் பிறகு மகள் சொன்னாள்.

மாசி பிறந்து வெயில் ஏறியது. காய் வரத்து அடங்கி, கிட்டங்கியில் பாதிப் பேர்தான் இருந்தார்கள். வேலை குறைந்தால் பேச்சு கூடும். ராமுத்தாய் தன் கொண்டையிலிருந்த கம்பி ஊசி குத்துகிறது என்று பிடுங்கி எறிந்துவிட்டு, மயில் வைத்த கொண்டை ஊசி ஒன்று பிடிபட்டதாமே, அது என்ன ஆயிற்று என்று கேட்டாள். ரேஞ்சர் திருப்பிக் கொடுத்துவிட்டார், வீட்டில் கிடக்கிறது என்றாள் பேச்சி. கொண்டுவரச் சொன்னார்கள். மறுநாள் கொண்டுபோனாள். அது வரிசை முழுக்கக் கைமாறிப் போனது. ஆளாளுக்குச் செருகிப் பார்த்தார்கள். வழுவழுவென்று இருப்பதாகவும், முடியை இழுக்காமல் நிற்பதாகவும் சொன்னார்கள். தேயிலைச் சாயம் வேண்டாம், வெள்ளையாகவே இருந்தால் கறுத்த முடிக்கு எடுப்பாக இருக்கும் என்று ஒருத்தி சொன்னாள். கடைசியில் ராமுத்தாய் தனக்கு ஒன்று வேண்டும் என்றாள். இன்னும் ஏழு பேர் வேண்டும் என்றார்கள்.

சனிக்கிழமை வீரணன் இறங்கி வந்து, குளித்து, சாப்பிட உட்கார்ந்தபோது பேச்சி இதைச் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"எலும்புன்னு தெரியுமா அவங்களுக்கு?"

"ஊருக்கே தெரியும். அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் தலையில வைப்பாங்களாக்கும்."

"ராமுத்தாய் அன்னைக்கு முழுக்க வச்சுக்கிட்டுத்தான் காய் பொறுக்குனா. தர மாட்டேன்னு சொன்னா. நான்தான் பிடுங்கிட்டு வந்தேன்."

அவன் சாப்பிட்டு முடித்தான். கையைக் கழுவிவிட்டு வந்து, வேட்டியில் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பொன்னுமணி தையல் மிஷினை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"ராமுத்தாய்க்கு முடி எப்படி? அடர்த்தியா, மெல்லிசா?" என்று வீரணன் கேட்டான்.

பேச்சி கட்டைவிரலையும் நடுவிரலையும் சேர்த்து வளைத்து, இவ்வளவு கனம் இருக்கும் என்று காட்டினாள். அவன் அவள் கையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பி, வளையத்தின் அளவைப் பார்த்தான். பிறகு, "சரி, மத்தவங்களுக்கு எவ்வளவுன்னு சொல்லு" என்றான்.